லொண்டரி டேக்: ரீடர் தவறவிட்ட துவாயும் உண்மையிலேயே தொலைந்த துவாயும்

ஹோட்டல் பின்வாசலில் லொறி வந்து நிற்கும். ஹவுஸ்கீப்பிங் சீட்டில் 412 துவாய் என்றிருக்கும், லொண்டரிக்காரரின் சீட்டில் 397. அழுக்கு மூட்டையைத் திரும்பப் பிரித்து எண்ண இரண்டு பக்கத்திலும் ஆளில்லை. பிரித்தாலும் ஈரத்துவாய்க் குவியலை இரண்டு பேர் எண்ணி ஒரே விடைக்கு வருவது அரிது. மாதக் கடைசியில் பேரம் பேசி ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள், அடுத்த மாதமும் அதே கதைதான். 2022 இல் டொலரின் விலை 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாய் வரை ஏறிய பிறகு, இறக்குமதித் துவாயும் படுக்கை விரிப்பும் அதோடு சேர்ந்து ஏறிவிட்டன. முன்பு கண்டும் காணாமல் விட்ட அந்த 15 துவாயை இப்போது யாராலும் விட முடியவில்லை.

துணியில் தைத்து, துணியோடு சேர்த்தே துவைத்து, காய்ச்சி, அயன் பண்ணக்கூடிய ஆர்எஃப்ஐடி டேக்குகள் (தன் எண்ணை வானொலி அலையில் சொல்லும் சிறு சிப் பட்டிகள்) கொழும்பில் பேச்சுக்கு வருவது இதனால்தான். வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மீற்றர் தூரத்தில் படிக்கும்?" என்பதை. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. 412 துவாய் உள்ள ட்ரொலியில், டேக்கின் எண்ணைப் படிக்கும் கருவியான ரீடர் 409 ஐப் படித்தால், மீதி 3 துவாய் அதில் இல்லையா, இல்லை இருந்தும் ரீடருக்குத் தெரியவில்லையா? இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாத அமைப்பு பழைய சண்டைக்குப் புதிதாக ஒரு சீட்டை அச்சடித்துக் கொடுக்குமே தவிர, சண்டையைத் தீர்க்காது. டேக் தைக்கும் இடம், ரீடரை வைக்கும் இடம், மென்பொருளின் விதி, ஒப்பந்த வாசகம் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை முன்னால் வைத்தே முடிவு செய்யவேண்டும்.

டேக் வகையும் அலைவரிசையும்

பழைய லொண்டரி டேக்குகள் சட்டைப் பொத்தான் போல வட்டமானவை. 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை, கெட்டியான பிளாஸ்டிக்கில் அடைத்தவை, நீண்ட நாள் உழைப்பவை. ஆனால் ரீடரிலிருந்து கையளவு தூரத்துக்குள் ஒவ்வொன்றாகக் காட்டவேண்டும். ஊழியர் சீருடைக்கு அது போதும். மூட்டையாகப் போகும் துவாய்க்கு உதவாது. மூட்டையை அவிழ்க்காமல் எண்ண வேண்டுமென்றால் 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள யூஎச்எஃப் டேக்தான் வேண்டும்.

யூஎச்எஃப் லொண்டரி டேக் ஏறக்குறைய 5 முதல் 7 சென்றிமீற்றர் நீளமும் 1 முதல் 1.5 சென்றிமீற்றர் அகலமும் கொண்ட மெல்லிய பட்டி. 920 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 32 சென்றிமீற்றர். அதில் பாதியாவது நீளமுள்ள அன்டெனா இருந்தால் நல்லது என்பதால், கம்பியை நெளித்து நெளித்து அந்தச் சிறு பட்டிக்குள் அடக்குகிறார்கள். இரண்டு விதமான கட்டுமானம் சந்தையில் உண்டு. ஒன்றில் உலோக நூலையே அன்டெனாவாகத் துணியில் தைத்து, நடுவில் எபொக்சிப் பசையில் மூடிய சிறு சிப் துண்டை வைத்திருப்பார்கள். மற்றதில் சிப்பும் அன்டெனாவும் சேர்ந்து வளையக்கூடிய பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். முதலாவது மென்மையானது, தலையணை உறையில் கன்னத்தை உறுத்தாது. இரண்டாவது அழுத்தத்தைத் தாங்கும். ஃபுஜிட்சு, டேட்டமார்ஸ், எச்ஐடி, இன்வெங்கோ போன்றவர்களின் டேக்குகள் உலகெங்கும் புழங்குகின்றன. 200 சலவை அல்லது 3 வருடம், இதில் எது முந்துகிறதோ அது என்பதே இவ்வகை டேக்குகளில் அடிக்கடி காணும் உத்தரவாதம். அந்த வரியின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வெப்பநிலை, அழுத்தம், பிளீச் நிபந்தனைகளையும் வாசியுங்கள்.

அலைவரிசையில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். ஐரோப்பாவுக்கான ரீடர் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸுக்குள் இயங்கும், அமெரிக்காவுக்கானது 902 முதல் 928 இற்குள். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே பெட்டி, பல மொடல்களில் உள்ளே மாற்ற முடியாதபடி பூட்டியிருப்பார்கள். டேக்குகளிலும் சில மொடல்கள் ஐரோப்பியப் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு என்று தனித்தனியாக வருகின்றன. இலங்கையில் எந்த வரிசையில், எவ்வளவு சக்தியில் இயக்கலாம் என்பதை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்தில் பெற்று, ரீடர் மொடலுக்கு வகை அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்து, அதன்பிறகே ஓடர் கொடுக்கவேண்டும். அதே பதிப்பு டேக்கை வாங்கவேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைத்த ரீடரை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு அனுமதிக்கு ஓடுபவர்களின் பெட்டி சுங்கத்தில் கிடக்கும்.

எங்கே தைப்பது

ஓரமடிப்புக்குள், ஓரத்துக்கு இணையாக. காரணம் ரோலர் அயனர், அதாவது விரிப்பைச் சூடான உருளையில் ஓட்டி அயன் பண்ணும் இயந்திரம். 8 முதல் 10 பார் அழுத்த நீராவியில் ஓடும் சிலிண்டரின் மேற்பரப்பு 170 முதல் 180 பாகை செல்சியஸ் வரை இருக்கும். டேக் நேராகச் சிலிண்டரில் படாமல் நடுவே ஒரு மடிப்புத் துணியாவது இருந்தால் அதன் ஆயுள் கணிசமாகக் கூடும். டேக் வெளியே தெரியும்படி தைத்தால் பக்கம் பார்த்து அயனரில் விடவேண்டும். இரவு ஷிப்டில் யாரும் பக்கம் பார்க்கமாட்டார்கள்.

மடிப்புக் கோடு அடுத்தது. டேக்கின் நடுவே ஒவ்வொரு சலவையிலும் மடிப்பு விழுந்து அதன்மேல் மற்ற விரிப்புகளின் பாரம் ஏறினால், சிப்போடு அன்டெனா சேரும் இடம் முதலில் போகும். 180 சென்றிமீற்றர் அகல விரிப்பை மடித்துக்கொண்டே போனால் கோடுகள் 90, 45, 22.5 சென்றிமீற்றரில் விழும். ஆகவே மூலையிலிருந்து 30 முதல் 37 வரையுள்ள இடம் பாதுகாப்பானது. "மூலையிலிருந்து ஒரு சாண்" என்று கண்மதிப்பில் தைத்தால் 22.5 கோட்டின்மேலேயே போய் உட்காரும். உங்கள் விரிப்பின் அளவுக்கும் உங்கள் மடிப்பு முறைக்கும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டு, அட்டையில் அளவு வெட்டித் தையல்காரரிடம் கொடுங்கள்.

புதிய பருத்தித் துணி முதல் சில சலவைகளில் சுருங்கும். டேக் வைத்த பொலியெஸ்டர் உறை சுருங்காது. சலவை காணாத துவாயில் உறையை இறுக்கித் தைத்தால் நாலாவது சலவையில் அந்த இடம் முறுக்கிக்கொண்டு நிற்கும், உள்ளே டேக் வளையும். ஒன்றிரண்டு தடவை துவைத்துக் காயவைத்த பிறகு தையுங்கள். தையல் கோடு டேக்கின் விளிம்பிலிருந்து 3 மில்லிமீற்றராவது தள்ளி ஓடவேண்டும். ஊசி சிப்பில் குத்திய டேக்கை உடனே படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஊசி அன்டெனாவை உரசியது மட்டும் இருபது முப்பது சலவை கழித்துத்தான் தெரியும். ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த தையல்காரர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு அவர்களைவிட நல்ல கை கிடையாது, ஆனால் ஏன் 3 மில்லிமீற்றர் என்பதை அவர்களுக்குச் சொல்லவேண்டும்.

வெப்பத்தால் ஒட்டும் வகையும் இருக்கிறது. ஏறக்குறைய 200 பாகையில் 10 முதல் 15 விநாடி அழுத்துவார்கள். மேசை விரிப்புக்கும் சீருடைக்கும் பரவாயில்லை. துவாயின் நூல் வளையத்தின்மேல் பிடிக்காது. அவசரத்தில் 5 விநாடியில் எடுத்துவிட்டால் உள்ளே பசை உருகியிருக்காது, முதல் மாதத்திலேயே மூலை கிளம்பும்.

இன்னொன்று: ஒரே அளவுத் துவாய் எல்லாவற்றிலும் அச்சுப் பிசகாமல் ஒரே இடத்தில் டேக் இருந்தால், மடித்து அடுக்கிய பத்துத் துவாயின் டேக்குகளும் ஒன்றின்மேல் ஒன்றாக நேராக வந்துவிடும். அடுத்தடுத்த அன்டெனாக்கள் ஒன்றின் அலைவரிசை இசைவை மற்றொன்று கெடுக்கும், நடுவில் உள்ளவை ரீடருக்குத் தெரியாமல் போகும். மெல்லிய தலையணை உறையில் இது மோசம். பாதியை இடப்பக்க ஓரத்திலும் பாதியை வலப்பக்க ஓரத்திலும் தைத்தாலே நிலைமை மாறும்.

எண்ணும் பதிவும்

டேக்கில் எழுதும் 96 பிட் எண்ணில் ஹோட்டலின் பெயர், வாங்கிய திகதி, துணியின் அளவு என்று எதையும் திணிக்காதீர்கள். துணி கை மாறும், அளவு திருத்தப்படும், எண் மட்டும் மாறாமல் இருக்கவேண்டும். மற்ற எல்லாம் தரவுத்தளத்தில். பார்கோட் எண்களை வழங்கும் சர்வதேச அமைப்பான ஜிஎஸ்1 இன் முறைப்படி, திரும்ப வரும் உடைமைகளுக்கான எண்ணைப் பயன்படுத்தினால் வேறு நிறுவனத்தின் எண்ணோடு மோதாது. இலங்கையின் முன்னெண் 479. அப்படிச் செய்ய விருப்பமில்லை என்றாலும் முதல் சில இலக்கங்களை உங்களுக்கென்று நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் உடுப்புகளில் கடை டேக் இருக்கும், அதுவும் இதே வகை யூஎச்எஃப்தான். முன்னெண்ணைப் பார்த்து வடிகட்டாவிட்டால் யாரோ ஒருவரின் காற்சட்டை உங்கள் கணக்கில் ஏறும்.

எழுதிய பிறகு பூட்டவேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது கடவுச்சொல் எல்லாம் பூச்சியம். பூட்டாத டேக்கை எந்தக் கையடக்க ரீடராலும் மாற்றி எழுதலாம், தவறுதலாகவும் மாற்றிவிடலாம். சிப்பின் உள்ளே தொழிற்சாலையில் பதித்த மாற்ற முடியாத எண் ஒன்றும் உண்டு. முதல் பதிவின்போது அதையும் சேர்த்துச் சேமித்தால், ஒரே எண் இரண்டு டேக்கில் வந்த குழப்பத்தைப் பிற்பாடு அவிழ்க்கலாம்.

எத்தனை டேக் தேவை? 120 அறை உள்ள ஹோட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைக்கு 2 விரிப்பு, 1 டுவே (பஞ்சுப் போர்வை) உறை, 4 தலையணை உறை, 2 குளியல் துவாய், 2 கைத்துவாய், 1 கால்மிதித் துவாய் என்றால் 12 துணி, மொத்தம் 1,440. வெளி லொண்டரிக்கு அனுப்பும் ஹோட்டலுக்கு நாலு சுற்றாவது வேண்டும்: ஒன்று அறையில், ஒன்று லொண்டரியில், ஒன்று வழியில், ஒன்று களஞ்சியத்தில். ஆக 5,760. முகம் துடைக்கும் சிறு துவாய்க்கும் மேசையைத் துடைக்கும் துணிக்கும் டேக் போட நான் சொல்லமாட்டேன். டேக்கின் விலை துணியின் விலைக்குப் பக்கத்தில் வரும் பொருளை எடை போட்டே கணக்கு வைக்கலாம்.

5,760 ஐயும் ஒரே நாளில் தைக்க முடியாது, துணி சுற்றிக்கொண்டே இருக்கும். லொண்டரியிலிருந்து சுத்தமாக வருவதை மட்டும் எடுத்துத் தைத்து அனுப்பிக்கொண்டே இருந்தால் சில வாரங்களில் பெரும்பகுதி முடியும். முடியாமல் நிற்பது களஞ்சிய அலுமாரியின் அடித்தட்டில் இருப்பவை. மேலிருந்து எடுத்து மேலேயே வைப்பதால் அவை அசைவதே இல்லை. அலுமாரிகளை ஒருமுறை முழுக்க வெளியே எடுக்காமல் "டேக் போட்டு முடிந்தது" என்று அறிவிக்கக்கூடாது.

ரீடரும் தண்ணீரும்

யூஎச்எஃப் அலைக்குத் தண்ணீர் எதிரி. ஈரத்துணி அலையை உறிஞ்சும், அதோடு டேக்கின் இசைவையும் கீழே இழுத்துவிடும். சுழற்றிப் பிழிந்த பிறகும் பருத்தியில் அதன் எடையில் பாதியளவு தண்ணீர் மிச்சமிருக்கும். ஆகவே துவைத்துப் பிழிந்த இடத்தில் ரீடர் வைப்பதில் பயனில்லை. நம்பத்தக்க எண்ணிக்கை காய்ந்து மடித்த பிறகு, வெளியே அனுப்பும் இடத்தில்தான் கிடைக்கும். அழுக்காக உள்ளே வரும் இடத்திலும் ஒரு ரீடர் வேண்டும், ஆனால் அங்கே வரும் எண் எப்போதும் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதை இரண்டு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளவேண்டும். நீச்சல்குளத் துவாய் வரும் நாளில் இன்னும் குறையும். கொழும்பு மழையில் திறந்த லொறியில் வந்த மூட்டையும் அப்படித்தான்.

அழுக்குத் துணி உள்ளே வரும் வாசலில் பெரிய ட்ரொலியை அப்படியே படிக்க முயல்வதைவிட, மூட்டை மூட்டையாகப் பெட்டி வடிவச் சுரங்க ரீடரில் விடுவது நல்லது. மூட்டை உருண்டு விழும்படி ஒரு சரிவு இருந்தால் இன்னும் நல்லது, உருளும்போது டேக்குகளின் கோணம் மாறி, முதலில் தெரியாதவை தெரியவரும். நாலு பக்கமும் வட்டமுனைவு அன்டெனாக்கள் (டேக் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் படிப்பவை), சுற்றிலும் அலுமினியத் தகடு அல்லது நெருக்கமான உலோக வலை. அலைநீளம் 32 சென்றிமீற்றர் என்பதால் 1 சென்றிமீற்றர்க் கண் உள்ள வலையே போதும். இந்தக் கவசம் இல்லாவிட்டால் இரண்டு மீற்றர் தள்ளி அடுக்கியிருக்கும் சுத்தத் துவாயையும் ரீடர் எண்ணிவிடும். இல்லாததை எண்ணுவது இருப்பதைத் தவறவிடுவதைவிட ஆபத்தானது, ஏனெனில் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

கம்பிக் கூண்டு ட்ரொலி அலையைத் திருப்பியடிக்கும். பிளாஸ்டிக் ட்ரொலிக்கு மாறுவதற்கான செலவை ஆரம்பக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

ரீடர் அமைப்புகளில் ஒன்றை விற்பனையாளர்கள் பெரும்பாலும் தொடாமலே விட்டுவிடுகிறார்கள்: பதில் சொன்ன டேக் எவ்வளவு நேரம் அமைதியாக இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் செஷன். செஷன் 0 இல் விட்டால் மூட்டையின் மேற்புறத்தில் உள்ள வலுவான டேக்குகளே திரும்பத் திரும்பப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும், நடுவில் உள்ள பலவீனமானவற்றுக்கு இடம் கிடைக்காது. செஷன் 2 அல்லது 3 இல், ஒரு தடவை பதில் சொன்ன டேக் அமைதியாகிவிடும், மற்றவற்றின் பதில் கேட்கும். இதன் மறுபக்கம்: அதே மூட்டையை உடனே மறுபடி படித்தால் டேக்குகள் இன்னும் அமைதியாகவே இருக்கும், எண்ணிக்கை திடீரென்று சரியும். ஊழியர் பயந்துபோய் மூன்றாம் தடவையும் தள்ளுவார். மறுவாசிப்புக்கு முன்னால் சற்றுப் பொறுக்கவேண்டும் என்பதை இயந்திரத்தின்மேலேயே எழுதி ஒட்டுங்கள். வாசிப்பை நிறுத்த "10 விநாடி" என்று நிலையான நேரம் வைப்பதைவிட, "3 விநாடியாகப் புதிய டேக் எதுவும் வரவில்லை என்றால் நிறுத்து" என்ற விதி சிறிய மூட்டைக்கும் பெரிய மூட்டைக்கும் சேர்த்துப் பொருந்தும்.

கேபிளில் சக்தி வீணாவதைக் கவனியுங்கள். மெல்லிய சாதாரணக் கேபிளில் 10 மீற்றர் ஓடினால் 4 டெசிபெலுக்கு மேல் போய்விடும். 3 டெசிபெல் என்றாலே பாதிச் சக்தி. ரீடரை அன்டெனாவுக்குப் பக்கத்தில் வைத்து, நெட்வேர்க் கேபிளை நீளமாக இழுப்பதே சரி. காலிமுகத்திடல் பக்கத்திலும் வெள்ளவத்தைக் கரையிலும் உப்புக்காற்று இணைப்பிகளை அரிக்கும். இணைப்புகளை ரப்பர் டேப்பால் சுற்றி மூடவேண்டும். லொண்டரிக்குள் பஞ்சுத்தூசி, ஆகவே விசிறி இல்லாத ரீடர்தான் வேண்டும். மின்வெட்டுக்கு யூபிஎஸ், இணையம் அறுந்தால் வாசிப்புகளை உள்ளேயே சேமித்துப் பிறகு அனுப்பும் மென்பொருள். இவை இல்லாமல் ஒரு மணி நேரம் போனால் அந்த ஒரு லொறியின் கணக்கு நிரந்தர ஓட்டையாகிவிடும்.

தவறிய வாசிப்பைக் கையாளும் விதி

ஒரு வாசல், அதாவது ரீடர் வைத்த ஓர் இடம், 99 சதவீதம் படிக்கிறது என்று வையுங்கள். கேட்க நன்றாயிருக்கிறது. 400 துணியில் 4 தவறும். மாதம் 12,000 துணி போனால் 120 துணி "காணவில்லை" என்று வரும். இத்தனையும் அறையில் பத்திரமாக இருக்கும்.

இதைச் சரிசெய்யும் வழி எளிது. லொண்டரியிலிருந்து வெளியேறும்போது தெரியாத விரிப்பு நாலு நாள் கழித்து அழுக்காக உள்ளே வரும்போது தெரிகிறது. அப்படியானால் அது ஹோட்டலுக்குப் போயிருக்கத்தான் வேண்டும். மென்பொருள் பின்னோக்கிச் சென்று அந்த வெளியேற்றத்தைப் பதியவேண்டும், ஆனால் "ஊகித்தது" என்ற அடையாளத்தோடு. நேரில் படித்ததையும் ஊகித்ததையும் கலந்துவிடக்கூடாது, ஏனெனில் ஊகித்த பதிவுகள்தான் நோயைக் காட்டும். ஒரு வாசலில் ஊகங்கள் திடீரென்று பெருகினால் அந்த வாசலின் அன்டெனாவையோ கேபிளையோ போய்ப் பாருங்கள். ஒரே துணி அடிக்கடி ஊகத்தில் வந்தால் அதன் டேக் சாகப்போகிறது. ஒரே சமயத்தில் வாங்கிய தொகுதி முழுவதும் அப்படி வந்தால் தையலில் அல்லது டேக்கில் குறை, உத்தரவாதத்தைக் கேட்க அது ஆதாரம்.

செத்த டேக்கைக் கண்டுபிடிக்க மடிப்பு மேசையில் ஒரு சிறிய ரீடர் வேண்டும். ஒவ்வொரு துணியும் கடக்கும்போது விளக்கு எரியும். எரியாத துணியை ஒரு கூடையில் ஒதுக்கிவைத்து, அன்றைக்கே புது டேக் தைத்து, புது எண்ணைப் பழைய வரலாற்றோடு இணைக்கவேண்டும். இந்த மேசை ரீடரை வாங்காமல் மிச்சம் பிடிப்பவர்கள் பலர். ஆனால் அது இல்லாவிட்டால் டேக் செத்த ஒவ்வொரு துணியும் கணக்கில் தொலைந்த துணியாகும், துணியோ தினமும் படுக்கையில் விரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். என் கணக்கில் முதலில் வாங்கவேண்டிய மூன்றில் இது ஒன்று.

பழைய டேக்கை வெட்டி எடுக்காமல் புதியதைத் தைத்தால் எதிர்மாறான பிழை: பழையது எப்போதாவது உயிர்த்துப் பதில் சொல்லும், ஒரு துணி இரண்டாகும். கழித்த விரிப்பைத் துடைப்புத் துணியாகக் கிழிக்கும்போதும் டேக்கை வெட்டி எடுத்து "கழித்தது" என்று பதியுங்கள். இல்லாவிட்டால் துப்புரவு அலுமாரியில் கிடக்கும் கந்தல் வருடக்கணக்கில் இருப்பில் உயிரோடு இருக்கும்.

"தொலைந்தது" என்று எப்போது சொல்வது? நாலு சுற்று உள்ள ஹோட்டலில், அலுமாரி அடியில் தேங்காமல் சுற்றும் ஒவ்வொரு துணியும் வாரத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது ஒரு வாசலில் தலைகாட்டும். 30 நாள் காணவில்லை என்றால் தேடும் பட்டியலில் போடுங்கள், 90 நாள் என்றால் இழப்பு. கல்யாண மண்டப மேசை விரிப்புகளுக்கு இதே கணக்கு ஒத்துவராது. அவை பருவத்துக்குப் பருவம்தான் வெளியே வரும், அவற்றுக்குத் தனிக் காலம் வேண்டும். கையைத் துடைக்கும் மேசைத்துணிகள் பெரும்பாலும் எச்சில் இலை, மிச்ச உணவோடு குப்பைக்குப் போகின்றன. விருந்து மண்டபம் உள்ள ஹோட்டலுக்கு என் சிபாரிசு: குப்பை வெளியேறும் வாசலில் ஒரு ரீடரும் ஒரு மணியும். திருட்டைப் பிடிக்க என்று மேலாளர்கள் கேட்கும் முன்வாசல் ரீடரைவிட இதுதான் அதிகம் மீட்டுத்தரும்.

வைத்தியசாலைத் துணி

இங்கே டேக்கின் முதல் பயன் கணக்கல்ல, ஊழியரின் கைக்குப் பாதுகாப்பு. வார்டிலிருந்து வரும் அழுக்குத் துணியை எண்ணுவதற்காகப் பிரிப்பவருக்கு அதற்குள் மறந்துபோன ஊசியோ கத்தி அலகோ கிடைக்கக்கூடும். தொற்றுள்ள துணி வரும், தண்ணீரில் கரையும் பையைத் திறக்காமலே இயந்திரத்தில் போடவேண்டும். திறக்காமல் எண்ண வேறு வழி கிடையாது. எண்ணிக்கை நாலைந்து குறைந்து வந்தாலும் இங்கே பரவாயில்லை, சுத்த வாசலில் சரியாகிவிடும்.

வெப்ப முறையில் கிருமி நீக்க 71 பாகையில் குறைந்தது 3 நிமிடம் அல்லது 65 பாகையில் 10 நிமிடம் என்பது பிரித்தானிய வைத்தியசாலை லொண்டரிகளின் அளவுகோல். எந்த லொண்டரி டேக்கும் இதைத் தாங்கும். சத்திரசிகிச்சை அங்கிகள் 134 பாகை ஓட்டோகிளேவுக்கு (உயரழுத்த நீராவியில் கிருமி நீக்கும் இயந்திரத்துக்கு) போகும், அதற்கென்று உறுதி சொல்லும் டேக்கைத்தான் வாங்கவேண்டும். எம்ஆர்ஐ அறைக்குள் போகக்கூடிய அங்கியிலும் போர்வையிலும் உலோக நூல் அன்டெனா இருக்கிறது என்பதை ஸ்கேன் பிரிவுக்கு முதலிலேயே சொல்லி, எந்த காந்தப்புல வலுவில் சோதித்தது என்ற தயாரிப்பாளரின் பத்திரத்தைக் கையில் கொடுக்கவேண்டும். பத்திரம் இல்லாத டேக் அந்த அறைக்குப் போகும் துணியில் இருக்கவே கூடாது.

ஒப்பந்தமும் சோதனையும்

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும். பில்லுக்கு எந்த வாசலின் எண்: லொண்டரியின் சுத்த வெளியேற்றம்தான் சரி. இழப்பு யாருடையது: கடைசியாகத் தெரிந்த வாசல் சுத்த வெளியேற்றமாக இருந்தால் ஹோட்டலுடையது, அழுக்கு உள்வரவாக இருந்தால் லொண்டரியுடையது. எத்தனை சலவைக்குப் பிறகு துணி பழையது: பருத்தி விரிப்பு பொதுவாக 100 முதல் 150 சலவையில் ஓய்ந்துவிடும், 140 சலவை கண்ட விரிப்பு தொலைந்ததற்குப் புது விரிப்பின் விலையைக் கேட்பது நியாயமில்லை. சலவை எண்ணிக்கை டேக்கின் வழியாகவே தெரிவதால், தேய்மானத்தைக் கழித்து விலை போடும் அட்டவணையை இணைத்துவிடலாம்.

விற்பனையாளர் காட்டும் செயல்விளக்கத்தில் நன்றாகக் காய்ந்த, இடைவெளி விட்டு அடுக்கிய இருபது துவாய் இருக்கும். அதில் 100 சதவீதம் வராவிட்டால்தான் ஆச்சரியம். உங்கள் துணியில் 300 ஐ எடுத்து அவருடைய டேக்கைத் தைக்கச் சொல்லுங்கள். உங்கள் ட்ரொலியில், உங்கள் மூட்டைப்பையில், உங்கள் வாசலில் 20 தடவை படியுங்கள், ஒவ்வொரு தடவையும் கலைத்துப்போட்டு. பிறகு அதில் 60 ஐ நனைத்துப் பிழிந்து கலந்து இன்னும் 20 தடவை. தவறிய எண்களைத் தனித்தனியே குறியுங்கள்: ஒவ்வொரு முறையும் வேறு வேறு துணி தவறினால் அது அடுக்கின் பிரச்சினை, ஒரே துணி தவறினால் டேக்கின் பிரச்சினை. பக்கத்தில் டேக் உள்ள சுத்தத் துணியை 2 மீற்றர் தள்ளி வைத்து, அது எண்ணிக்கையில் நுழைகிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, அந்த 300 ஐயும் உங்கள் இயந்திரத்திலேயே 30 சலவை ஓட்டி, அயனரில் விட்டு, மறுபடி படியுங்கள். இந்தச் சோதனைகள் எல்லாவற்றின் எண்களும் கொள்முதல் ஒப்பந்தத்தில் ஏறிய பிறகே முற்பணத்தைக் கொடுங்கள்.